கைது செய்கிறார்கள், பிணையில் விடுகிறார்கள், கடைசியில் விடுதலையும் செய்கிறார்கள்: யார் சொல்வது சரி?

தேடலன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். குற்ற வழக்குச் செய்திகளை நெடுநாளாகப் படித்துவருகிறேன். அவற்றில் எனக்குத் தீராத குழப்பம் ஒன்று உண்டு. ஒருவர் கைது செய்யப்படுகிறார். வலுவான ஆதாரம் கிடைத்திருப்பதாகக் காவல்துறை அறிவிக்கிறது. சில வாரங்களில் நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையும் செய்துவிடுகிறது. மனிதர் ஒருவரே, சம்பவமும் ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு முடிவு வருகிறது. அப்படியென்றால் முதலில் கைது செய்தவர்கள் தவறினார்களா, கடைசியில் விடுவித்தவர்கள் தவறினார்களா?

இதையொட்டி மேலும் இரண்டு ஐயங்கள். நீதிபதிக்குச் சந்தேகம் எழுந்தால், அதைத் தீர்த்துக்கொள்ள அவரே இறங்கி விசாரிக்கலாம் அல்லவா? உண்மையைக் கண்டறிவதற்குத்தானே நீதிமன்றம் இருக்கிறது? அடுத்து, அடிபட்டவர் ஒருவர், வழக்கை நடத்துபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு எனக்குப் பிடிபடவில்லை. வழக்கின் தலைப்பில்கூடப் பாதிக்கப்பட்டவரின் பெயர் வருவதில்லை. அரசின் பெயர்தான் வருகிறது. நடப்பு வழக்கு எதையும் விவாதிப்பது என் நோக்கமன்று. இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கருப்பு அங்கி எழுதுகிறார்:

நீங்கள் சொல்லும் மூன்று முடிவுகளும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் கேள்வி வேறு. அதற்குத் தேவைப்படும் ஆதாரத்தின் அளவும் வேறு.

கைது செய்யும் அதிகாரிக்கு, இவர் குற்றம் செய்திருக்கக்கூடும் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். அவர் உறுதியாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை; எதிர்பார்த்தால் புலன்விசாரணையே தொடங்க முடியாது. பிணை மனுவை விசாரிக்கும் நீதிமன்றமோ, இவர் குற்றவாளியா என்ற கேள்விக்குள் பெரும்பாலும் போவதே இல்லை. விட்டால் தலைமறைவாகிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, மீண்டும் குற்றம் புரிவாரா என்பவையே அங்கே முக்கியமாக எடைபோடப்படுகின்றன. குற்றச்சாட்டின் கடுமையும் கணக்கில் வரும் என்றாலும், பிணை கிடைத்ததை நிரபராதி என்பதற்கான சான்றாகவோ, பிணை மறுக்கப்பட்டதைக் குற்றவாளி என்பதற்கான சான்றாகவோ படிப்பது பிழை. செய்தித் தலைப்புகள் இந்தப் பிழையை நாள்தோறும் செய்கின்றன.

இவற்றுக்கு நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் இருக்கிறது: வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா என்று முடிவெடுக்கும் கட்டம். இங்கிலாந்திலும் வேல்சிலும் நீண்ட காலம் காவல்துறையே புலன்விசாரணையையும் செய்து, பெரும்பாலான வழக்குகளையும் தானே தொடுத்துவந்தது. ஒரு முடிவுக்கு வந்துவிட்ட புலனாய்வாளர் அந்த முடிவிலேயே ஊன்றி நிற்பது மனித இயல்பு என்பதால், வழக்குத் தொடுக்கும் பொறுப்பைத் தனியாகப் பிரித்து, 1986இல் அதற்கென்று ஒரு சுதந்திரமான துறையை ஏற்படுத்தினார்கள். அங்குள்ள வழக்கறிஞர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: தண்டனை கிடைப்பதற்கு நடைமுறையில் வாய்ப்பிருக்கிறதா, வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததா? என் கருத்தில், ஒரு நாட்டின் குற்றவியல் நீதி எப்படி இருக்கிறது என்பதை அறியத் தீர்ப்புகளைவிட இந்தச் சல்லடையைப் பார்ப்பதே மேல். இது தளர்வாக இருந்தால் பலவீனமான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடந்து, கடைசியில் விடுதலையில் முடிகின்றன; குற்றஞ்சாட்டப்பட்டவர் அதற்குள் பாதித் தண்டனையை அனுபவித்து முடித்திருப்பார்.

கடைசிக் கட்டம்தான் முழு விசாரணை. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசைச் சேர்ந்தது. இதைத் தெளிவாக நிலைநாட்டிய தீர்ப்பு 1935இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வழங்கிய வுல்மிங்டன் வழக்குத் தீர்ப்பு. பிரிந்து சென்ற மனைவியைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதாக ஓர் இளம் பண்ணைத் தொழிலாளி மீது வழக்கு. துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிட்டது என்பது அவருடைய வாதம். மரணம் அவர் கையால் நேர்ந்தது என்று ஆகிவிட்டதால், அது கொலையன்று என்று காட்டுவது அவர் பொறுப்பே என விசாரணை நீதிபதி ஜூரிக்கு (குற்றவாளியா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவுக்கு) அறிவுறுத்தினார். தூக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அந்த அறிவுறுத்தல் அடிப்படையிலேயே தவறானது என்று கூறிப் பிரபுக்கள் சபை தண்டனையை நீக்கியது. அன்று அந்தத் துப்பாக்கி எப்படி வெடித்தது என்பதைப் பிரபுக்கள் சபையும் கண்டுபிடித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மெய்ப்பிக்க வேண்டியவர் யார் என்பது மட்டுமே அங்கே தீர்மானிக்கப்பட்டது.

ஆகவே விடுதலை என்றால், அரசு தன் சுமையை இறக்கி வைக்கவில்லை என்று பொருள். அந்த மனிதர் உண்மையிலேயே நிரபராதியாக இருக்கலாம். பல வழக்குகளில் அதுதான் உண்மை; சில தீர்ப்புகள் அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்கின்றன. அல்லது சாட்சி பிறழ்ந்திருக்கலாம். கைப்பற்றிய பொருள் ஆய்வகத்துக்குப் போகும் வழியில் யார் யார் கையில் இருந்தது என்பதற்குப் பதிவு இல்லாமல் போயிருக்கலாம். காலதாமதத்தில் நினைவுகள் மங்கியிருக்கலாம். ஸ்காட்லாந்தில் பல நூற்றாண்டுகளாகக் குற்றவாளி, குற்றவாளியல்லர் என்ற இரண்டோடு, மெய்ப்பிக்கப்படவில்லை என்ற மூன்றாவது தீர்ப்பும் இருந்தது. சட்ட விளைவில் அதுவும் முழு விடுதலைதான். ஆனால் அதைப் பெற்றவர் மீது ஊரார் பார்வையில் ஒரு நிழல் படிந்தே இருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் அது நிறைவு தரவில்லை. 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை நீக்கச் சட்டம் இயற்றியது.

ஆதாரத்தின் அளவு மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு உலகமறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் வழக்கு. இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து 1995இல் ஜூரி அவரை விடுவித்தது. அதே மரணங்களுக்காகக் குடும்பத்தினர் தொடுத்த உரிமையியல் வழக்கில் 1997இல் வேறொரு ஜூரி அவரைப் பொறுப்பாளியாக்கி, 3 கோடியே 35 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. உரிமையியல் வழக்கில், நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். சிறையா, பணமா என்ற வேறுபாட்டுக்கு ஏற்ப அளவுகோலும் வேறுபடுகிறது.

எல்லைக்கப்பால் எழுதுகிறார்:

மேலே உள்ள விளக்கம் ஆங்கிலேய மரபுக்குச் சரியாகப் பொருந்துகிறது. நீதிபதி ஏன் தாமே விசாரிப்பதில்லை என்ற இரண்டாவது கேள்விக்கு, எந்த நாட்டு நீதிபதி என்ற எதிர்க்கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில், சில வேறுபாடுகளோடு, இருதரப்பு வாத முறை நிலவுகிறது. அரசுத் தரப்பு தன் சாட்சிகளை நிறுத்தும். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். நீதிபதி விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொண்டு இறுதியில் தீர்ப்பளிப்பார். ஜூரி இருக்கும் நாடுகளில் குற்றவாளியா என்ற தீர்மானமும் ஜூரியுடையது. (சிங்கப்பூர் 1969இலும் மலேசியா 1995இலும் ஜூரி முறையைக் கைவிட்டன, இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.)

ஜெர்மனியில் நிலைமை வேறு. உண்மையைக் கண்டறியும் கடமை அங்கே நீதிமன்றத்துக்கே உண்டு. அமர்வுக்குத் தலைமை தாங்கும் நீதிபதி வழக்குக் கோப்பை முன்னரே படித்துவிட்டு வந்து, சாட்சிகளை முதலில் தாமே விசாரிக்கிறார். அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் அதன் பிறகே கேள்வி கேட்கிறார்கள். கடுமையான பல வழக்குகளில் தொழில்முறை நீதிபதிகளோடு பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட துணை நீதிபதிகளும் அமர்ந்து சேர்ந்தே வாக்களிக்கிறார்கள். பிரான்சில் மிகக் கடுமையான குற்றங்களுக்குப் புலன்விசாரணை நீதிபதி என்றொருவர் நியமிக்கப்படுகிறார். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரானவற்றை மட்டுமன்றி, அவருக்குச் சாதகமானவற்றையும் அவர் தேடியாக வேண்டும் என்பது சட்டம். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் நீதிபதி ஏறத்தாழ இவர்தான். ஆனால் அங்கும் மிகச் சிறு பங்கு வழக்குகளே அவரிடம் போகின்றன.

அது நல்ல முறை, இது கெட்ட முறை என்று நான் சொல்லமாட்டேன். கோப்பைப் படித்துவிட்டு வரும் நீதிபதி, அதைத் தயாரித்தவரின் கண் வழியாகவே வழக்கைப் பார்க்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. இருதரப்பு வாத முறையின் பலவீனமோ, இரண்டு தரப்பும் சம வலிமையோடு இருந்தால் மட்டுமே அதிலிருந்து உண்மை வெளிப்படும் என்பதில் இருக்கிறது. இதற்குக் கிடியன் வழக்கு நல்ல சான்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து நுழைந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஏழை ஒருவர் தமக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார், மறுக்கப்பட்டது. தாமே வாதாடித் தோற்று, சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று 1963இல் தீர்ப்பு வந்தது. அவ்வாண்டிலேயே நடந்த மறுவிசாரணையில், அதே குற்றச்சாட்டுக்கு, இம்முறை வழக்கறிஞர் வாதாடியதால் ஜூரி அவரை விடுவித்தது.

இன்னொன்று: இருதரப்பு முறை நிலவும் நாடுகளிலும் நீதிபதி கைகட்டி அமர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. நியாயமான தீர்ப்புக்குத் தேவையென்று கருதினால் எந்தக் கட்டத்திலும் எந்தச் சாட்சியையும் அழைக்கவும், எந்தக் கேள்வியையும் கேட்கவும் இந்தியச் சட்டம் நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தை அரசுத் தரப்பின் ஓட்டைகளை அடைப்பதற்காக அவர் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் வரம்பு.

தேடலன் எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரே காவல்துறையிடம் ஒப்புக்கொண்ட பிறகும், அந்த வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காமல் ஒதுக்கிவிடுகிறதே? செய்தவரே செய்தேன் என்று சொன்ன பின் என்ன சந்தேகம் எஞ்சியிருக்கிறது? இது நுணுக்கமான விதியைக் காட்டித் தப்பவிடுவதாகத்தான் சாதாரண மனிதனுக்குத் தோன்றும்.

மூன்றாம் வரிசை எழுதுகிறார்:

செய்யாதவர்களும் செய்தேன் என்று சொல்கிறார்கள். இதை நம்புவது கடினம். எனக்கும் ஆவணங்களைப் படிக்கும்வரை அப்படித்தான் இருந்தது.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமியர் கொல்லப்பட்டனர். 17 வயது இளைஞர் ஒருவர் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டார். முதல் கொலையை மறுத்தார். இரண்டையும் செய்தவர் அவரே என்று நம்பிய காவல்துறை, அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த மரபணுச் சோதனையை நாடியது. அதைக் கண்டறிந்த அறிவியலாளர் அலெக் ஜெப்ரீஸ் செய்த அந்தச் சோதனை, இரண்டு கொலைகளையும் செய்தவர் ஒருவரே என்பதையும், அவர் இந்த இளைஞர் அல்லர் என்பதையும் காட்டியது. உண்மையான கொலையாளி பிறகு பிடிபட்டு 1988இல் தண்டிக்கப்பட்டார். ஒரு குற்ற வழக்கில் மரபணுச் சோதனையின் முதல் பயனே, ஒப்புதல் வாக்குமூலம் அளித்த ஒருவரை விடுவித்ததுதான். அந்தச் சோதனை ஓரிரு ஆண்டுகள் தாமதித்துக் கண்டறியப்பட்டிருந்தால், அவருடைய வாக்குமூலமே அவருக்கு எதிரான மிகப் பெரிய சான்றாக நின்றிருக்கும்.

ஜப்பானில் இவாவோ ஹகமாதாவின் வழக்கு இதைவிடக் கொடியது. 1966இல் நால்வர் கொலையில் கைது செய்யப்பட்ட அவர், பல நாட்கள் இடைவிடாமல் விசாரிக்கப்பட்ட பின் ஒப்புக்கொண்டார். விசாரணை தொடங்கியதும் மறுத்தார். 1968இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறுவிசாரணைக்கு உத்தரவு கிடைத்து 2014இல்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். 2024இல், சான்றுகள் புனையப்பட்டவை என்று கண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 88. ஜப்பானில் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் தண்டனையில் முடிகின்றன. வெல்வோம் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டுமே அரசு வழக்கறிஞர்கள் கொண்டுபோவது இதற்கு ஒரு பெரிய காரணம். ஆயினும் அந்த எண்ணை அமைப்பின் திறமைக்கு அளவாகக் கொள்வதற்கு முன் ஹகமாதாவை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டுச் சாட்சியச் சட்டங்களிலிருந்தே வரும் பொதுவிதி. அதை எழுதியவர்கள் காலனிய ஆட்சியாளர்கள். குற்றவாளிகள்பால் இரக்கம் கொண்டு எழுதியவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. அடித்து வாங்கும் பழக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இந்தியாவில் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்த விதியைத் தக்கவைத்துக்கொண்டது. இதற்கு விதிவிலக்கும் உண்டு: அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம். நாளிதழ்களில் அவர் காட்டிய இடத்தில் கத்தி மீட்கப்பட்டது என்று வரும் செய்திகளின் பின்னணி பெரும்பாலும் இந்த விதிவிலக்குத்தான்.

வாக்குமூலத்தை ஒதுக்கினால் குற்றவாளி தப்பிவிடுவார் என்ற அச்சத்துக்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. விசாரணைக்கு முன் உரிமைகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மிராண்டா வழக்கை எல்லோரும் அறிவார்கள். அந்த மிராண்டா 1967இல் மறுவிசாரணைக்கு உள்ளாகி, பழைய வாக்குமூலம் இல்லாமலேயே மற்றச் சான்றுகளைக் கொண்டு மீண்டும் தண்டிக்கப்பட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பழைய சுவடி எழுதுகிறார்:

இங்கே எல்லோரும் முழு விசாரணையைப் பற்றியே பேசுகிறீர்கள். அமெரிக்காவைப் பொறுத்தவரை அது அரிதான நிகழ்ச்சி. கூட்டாட்சி நீதிமன்றங்களின் தண்டனைகளில் 97 விழுக்காடும், மாநில நீதிமன்றங்களின் தண்டனைகளில் 94 விழுக்காடும் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை, வழக்காடித் தோற்றால் கூடுதல் தண்டனை என்ற பேரம் இதன் பின்னால் இருக்கிறது. பிணை கிடைக்காமல் சிறையில் இருக்கும் ஒருவருக்கு, இன்று ஒப்புக்கொண்டால் நாளை வீடு, மறுத்தால் இன்னும் பல மாதங்கள் காவல் என்ற நிலை வரும்போது, குற்றமற்றவரும் ஒப்புக்கொள்வார். சந்தேகத்தின் பலன் என்ற பாதுகாப்பு அவரை எட்டுவதே இல்லை. இந்தியாவில் 2006இல் இந்தப் பேர முறை வரம்புகளோடு கொண்டுவரப்பட்டது. ஏழாண்டுக்கு மேல் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பெண்களுக்கும் சிறார்க்கும் எதிரான குற்றங்களுக்கும் அது பொருந்தாது.

பாதிக்கப்பட்டவரின் இடம் எது என்ற உங்கள் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டு வரையிலும் நீங்கள் விரும்பும் ஏற்பாடுதான் பெருமளவுக்கு இருந்தது: திருட்டுக் கொடுத்தவர்தான் திருடன் மேல் வழக்குத் தொடுக்க வேண்டும், செலவும் பெரும்பாலும் அவருடையதே. பணமில்லாதவர் பேசாமல் இருந்துவிடுவார். பயந்தவர் சமரசம் செய்துகொள்வார். வஞ்சம் கொண்டவர் பொய்வழக்குப் போடுவார். குற்றம் என்பது ஒருவருக்கு மட்டும் இழைக்கப்பட்டதன்று, பொது ஒழுங்குக்கே எதிரானது என்ற கொள்கையில் அரசு அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டதால், எளியவருக்கும் வழக்கு நடக்கிறது. அதற்கான விலை, தம் சொந்த வழக்கிலேயே அவர் வெறும் சாட்சியாகிப்போனது. இந்த விலை தேவைக்கு மேல் அதிகம் என்பது என் கருத்து. பல நாடுகளும் இப்போது அப்படித்தான் நினைக்கின்றன.

பிரான்சில் பாதிக்கப்பட்டவர் குற்ற வழக்கிலேயே ஒரு தரப்பாக இணைந்து, தம் வழக்கறிஞர் மூலம் பேசவும் இழப்பீடு கோரவும் முடியும். ஜெர்மனியில் சில கடுமையான குற்றங்களில் அரசுத் தரப்போடு துணை வழக்காளராக அமரலாம். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998ஆம் ஆண்டு ரோம் சட்டமும் பாதிக்கப்பட்டவர்களின் கருத்தை நீதிமன்றம் கேட்க வழிசெய்கிறது. இந்தியாவில் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009ஆம் ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. அரசு வழக்கறிஞர் கைவிட்டாலும் அவர் தாமே மேல்நீதிமன்றத்தை அணுகலாம்.

தேடலன் எழுதுகிறார்:

ஒருமுறை விடுதலையானவர் மீது மீண்டும் வழக்கு நடத்த முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேனே? அப்படியானால் இந்த மேல்முறையீடு எப்படிச் சாத்தியம்?

கருப்பு அங்கி எழுதுகிறார்:

ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற கொள்கை ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் உண்டு; முதல் விசாரணை எப்போது முடிந்ததாகக் கொள்வது என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்காவில் ஜூரி குற்றவாளியல்லர் என்று சொன்ன அந்த நொடியே அது முடிந்துவிடுகிறது. அரசால் மேல்முறையீடு செய்ய முடியாது. இந்தியா, இலங்கை, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் மேல்முறையீடும் அதே வழக்கின் தொடர்ச்சியாகவே கருதப்படுவதால், விடுதலையை எதிர்த்தும் மேலே போகலாம். ஆயினும் விசாரணை நீதிமன்றத்தின் பார்வை நியாயமான பார்வைகளுள் ஒன்றாக இருக்கும் வரையில், தம் பார்வை வேறு என்பதற்காக மட்டும் மேல்நீதிமன்றம் விடுதலையை மாற்றக் கூடாது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில், புதிய, வலுவான சான்று கிடைத்தால் கொலை முதலிய கடுங்குற்றங்களில் மட்டும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோடு பழைய விடுதலையை நீக்கி மறுவிசாரணை நடத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அதன்படி, 1989இல் நடந்த ஒரு கொலைக்கு 1991இல் விடுதலையான ஒருவர், பின்னாளில் தாமே அக்கொலையை ஒப்புக்கொண்டிருந்த நிலையில், 2006இல் தண்டிக்கப்பட்டார். அக்கொலையில் மகளைப் பறிகொடுத்த தாய் ஆண்டுக்கணக்கில் நடத்திய இயக்கமும் அந்தச் சட்டத் திருத்தத்துக்கு ஒரு காரணம்.